கைகாட்டியில் கட்டிய துண்டு

படம் எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால் இப்படி நிழலுக்கு வாருங்கள், தம்பி. அந்தச் சுவரில் சாய வேண்டாம், காரை உதிரும். இந்தப் பக்கம் உட்காருங்கள். முன்னால் டிக்கெட் கொடுத்த அறை இது. கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. இந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் இந்தச் சுவர்தான் நிழல்.

பழைய ஸ்டேஷன்களைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னீர்களே. நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள். கெட்ட நேரம் என்றும் சொல்லலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஆட்டோ வந்துவிடும். அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இந்த ஸ்டேஷனில் யாரும் ஏறுவதில்லை என்று ரயில்வேக்காரர்களிடம் சொன்னவன் யார்? அவன் எங்கள் ஊர்க்காரன். அது வரைக்கும் எனக்குத் தெரியும். யார் என்பதுதான் தெரியவில்லை. தெரியும். ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. நீங்கள் நாலு இடத்தில் விசாரிக்கிறவர், படித்தவர். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொன்னால் போதும். எனக்காக அல்ல. ஒரு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

என் பெயர் ஆதிமூலம். ஆடு மேய்த்தேன். இப்போது ஆடும் இல்லை.

காலையில் என் மகள் முத்துராக்கு வந்து போனாள். பரமனூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள். அவள் மாமனார் சாத்தையா, அவர்தான் என் பெண்டாட்டி இருளாயிக்கு உடன்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போய் முத்துராக்குக்கே தலை நரைத்துவிட்டது.

“அப்பா, மாமாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டே கெடக்கு. பால் ஊத்தியாச்சு. வயக்காட்டு மண்ணக் கரைச்சு ஊத்தியாச்சு. தங்கத்த ஒரசி ஊத்தியாச்சு. எதுக்கும் அடங்க மாட்டேங்குது. கண்ணு வாசலையே பாக்குது. எல்லாரும் உங்களத்தேன் சொல்றாக. உங்க கையால ஒரு மடக்குத் தண்ணி. அதுக்குத்தேன் உசுரு நிக்குதுங்கறாக.”

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். தண்ணிய ஊத்திட்டுத் திரும்பிருங்க. அது பாவமில்லையா?”

“அவன் சொன்னானா இல்லையா, அத மொதல்ல சொல்லச் சொல்லு” என்றேன்.

“பேச்சு நின்னு நாலஞ்சு நாளாச்சுப்பா” என்றாள். பிறகு ஆட்டோவில் ஏறிக்கொண்டு, “சாயந்திரம் இதே ஆட்டோவ அனுப்புறேன். ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம்” என்று போய்விட்டாள். அவள் அம்மா மாதிரி. அழ மாட்டாள். அழுதால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

அவள் போனதும் இங்கே வந்து உட்கார்ந்தவன்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்த ஸ்டேஷனைப் பற்றிச் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். போர்டில் வெள்ளரியேந்தல் என்று இன்னும் லேசாகத் தெரிகிறதல்லவா? பெயர்தான் எங்கள் ஊர்ப் பெயர், ஆனால் எங்கள் ஊருக்காகக் கட்டிய ஸ்டேஷன் இல்லை. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் வண்டிகளில் ஒன்று ஒதுங்கி நிற்க ஓர் இடம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. பிறகு அந்த ஒதுங்கும் பாதையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் மாஸ்டரை எடுத்தார்கள். அதோ தெரிகிறதே சிக்னல் கைகாட்டி மரம், அதன் கம்பியை அறுத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் பாசஞ்சர் வண்டி மட்டும் பழைய வழக்கத்தில் நின்று போய்க்கொண்டிருந்தது. காலையில் பரமனூருக்குப் போகும்போது ஒரு நிமிஷம், மதியம் திரும்பும்போது ஒரு நிமிஷம். டிக்கெட் வேண்டும் என்றால் கடைசிப் பெட்டியில் கொடியோடு வரும் கார்டு கொடுப்பார்.

யாரும் வேண்டும் என்று கேட்டதில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, தம்பி. அதில் பருப்பு வேகாது. டீக்குப் பால் ஊற்றினால் திரிந்து போகும். தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள். ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இருளாயி உள்ளூர்க்காரி. அதனால்தான் எனக்குக் கிடைத்தாள்.

பரமனூர் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நல்ல தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருந்தன. எங்கிருந்தோ ஆற்றுத் தண்ணீர் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் காலை வண்டிக்கு வெறுங்குடங்களோடு வருவார்கள். குடங்களைக் கயிற்றில் கோத்து ஜன்னல் கம்பியில் வெளியே தொங்கவிடுவார்கள். வண்டி போகும்போது குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் ஊருக்குள் கேட்கும். மதியம் நிறைகுடத்தோடு வந்து இறங்குவார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை குடம் இறங்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி இறங்குவாள், ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், ஒருத்தி குழந்தையைத் தூக்கிப் போடுவாள். ஊர் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

கார்டு ஒருவர் இருந்தார், மரியதாஸ் என்று பெயர். வந்த புதிதில் பெண்களை மறித்துக்கொண்டு, “டிக்கெட் இல்லாம எங்கம்மா போறீங்க எல்லாரும்?” என்று கேட்டார்.

இருளாயிதான் பதில் சொன்னாள். “நாங்க எங்கய்யா போறோம்? குடந்தேன் போகுது. நாங்க தொணைக்குப் போறோம்.”

அந்த மனிதர் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரித்தார், தம்பி. அன்றைக்கு வண்டி ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் வந்தால் அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார். மாசியில் வெள்ளரிப் பிஞ்சு காய்த்தால் பெண்கள் அவருடைய பெட்டியில் ஒரு மடி போட்டுவிட்டு வருவார்கள்.

ஆனால் எல்லாரும் மரியதாஸ் ஆகிவிடுவார்களா? ஒரு தடவை செக்கிங் வந்துவிட்டது. கறுப்புக் கோட்டு. பரமனூரில் பெண்களை எல்லாம் ஓர் அறைக்குள் உட்காரவைத்தார்கள். குடங்களைப் பிளாட்பாரத்தில் கவிழ்த்துவிட்டார்கள். இருட்டிய பிறகுதான் விட்டார்கள். இருளாயி நடந்தே வந்து சேர்ந்தாள். “அடிச்சிருந்தாக்கூடப் பொறுத்துக்கிருவேன். தண்ணிய என் கண்ணு முன்னால கவுத்தாக” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஊர் கூடி என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது. நான் விடிந்ததிலிருந்து ஆட்டோடு இங்கேயே கிடக்கிறவன். சந்தேகப்படும்படி யாராவது ஸ்டேஷனில் நின்றால், என் தோள் துண்டை எடுத்து அந்தக் கைகாட்டி மரத்தில் கட்டிவிட வேண்டும். சிவப்புத் துண்டு. கருவேலங்காட்டுப் பாதை வளைகிற இடத்திலிருந்து பார்த்தாலே தெரியும். துண்டு தெரிந்தால் பெண்கள் அப்படியே திரும்பிவிட வேண்டும். ரயில்வேக்காரன் கைகாட்டி செத்துப்போயிற்று, என் கைகாட்டி வேலை செய்தது. சாத்தையாகூடக் கேலி பண்ணுவான், “மாப்ள ஸ்டேஷன் மாஸ்டர் ஆகிட்டாக, இனிமே நாம சலாம் போடணும்” என்பான். அப்போதெல்லாம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். என் மகளை அவன் மகனுக்குக் கொடுத்ததே அந்த அந்நியோன்னியத்தில்தான்.

என் வேலையில் நான் ஒரு தடவைகூடத் தவறினதில்லை. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு உதாரணம் சொல்கிறேன் கேளுங்கள். ஒரு சித்திரை மாசம் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, தோல் பை. இதோ இந்த வேப்பமரத்தடியில் பெஞ்சு இருந்தது, அதில் உட்கார்ந்துகொண்டார்கள். காலை வண்டி வந்தால் எழுந்து நிற்பார்கள். போனால் உட்கார்ந்துகொள்வார்கள். மதிய வண்டிக்கும் அப்படியே. மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். நான் பார்த்த உடனேயே கண்டுகொண்டேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாறுவேஷத்தில் வந்திருக்கிறார்கள். துண்டைக் கட்டிவிட்டேன்.

ஒரு குஞ்சு வரவில்லை, தம்பி. அந்த வாரம் முழுக்க ஒரு குடம் இந்தப் பிளாட்பாரத்தை மிதிக்கவில்லை. ஊர் பூராவும் உப்புத் தண்ணீரைக் குடித்தது. குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. ஆனாலும் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு. அந்த ஒற்றுமை எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

இருளாயி மட்டும்தான் முரண்டு பிடித்தாள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, துண்டு கட்டியிருப்பதைப் பார்த்தும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

“இவுக செக்கிங் மாதிரி தெரியலியே. புடிக்க வந்தவன் ஒளிஞ்சுல்ல நிப்பான்? இவுக வெட்டவெளியில உக்காந்திருக்காக.”

“ஒனக்கு என்ன தெரியும்? பேசாம இரு” என்றேன்.

அவள் பேசாமல் இருக்கிற ஆளா? “போயி நாம்பாட்டுக்குக் கேக்குறேன், எதுக்குய்யா வந்தீகன்னு” என்று கிளம்பினாள். நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அதற்குள் அவர்களில் ஒருவரே எழுந்து வந்துவிட்டார். கண்ணாடி போட்டவர். தன்மையாகத்தான் பேசினார். தன்மையாகப் பேசுகிறவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

“ஐயா, நீங்க இந்த ஊரா?”

“ஆமா சார்.”

“இந்த ஸ்டேஷன்ல ஏறுறவங்க எத்தனை பேர் இருப்பாங்க?”

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாதா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “இங்க யாரு சார் ஏறுறா? காக்கா குருவிதேன்” என்றேன்.

“ஒருத்தர்கூட இல்லையா?”

“ஒருத்தருகூட இல்ல சார். எங்களுக்கு ரயில்ல என்ன சோலி?”

அவர் இருளாயியைப் பார்த்தார். இடுப்பில் வெறுங்குடம். “இந்தம்மா குடத்தோட நிக்கிறாங்களே?” என்றார். எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்துதான் புத்தி வந்ததோ. “அது ஆட்டுக்குக் கழனித் தண்ணி கொண்டாந்தா சார்” என்றேன். இருளாயி வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அந்த மனிதர் உடனே போகவில்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா” என்று மறுபடியும் கேட்டார். பொறி வைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? “யோசிக்க என்ன சார் இருக்கு? உள்ளதத்தேன் சொல்றேன்” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். வார முடிவில் இரண்டு பேரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். ஒருவரைக்கூடப் பிடிக்க முடியவில்லை அவர்களால். அன்றைக்கு ஊரே என்னைக் கொண்டாடியது. இருளாயி மட்டும் சோறு போடும்போது பேசவில்லை. கோபம். அவளைப் பேசவிடவில்லை அல்லவா?

கொஞ்சம் பொறுங்கள். வண்டி வருகிறது. இது போகட்டும்.

பார்த்தீர்களா, எவ்வளவு வேகம். இதெல்லாம் அகல ரயில் பாதை போட்ட பிறகு வந்த வண்டிகள். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இங்கே ஒரு ஸ்டேஷன் இருந்ததே தெரியாது. ஜன்னலெல்லாம் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டான். குடத்தை எங்கே தொங்கவிடுவது?

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம். அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள் காலை, வண்டி நிற்கவில்லை. பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருக்கிறார்கள், வண்டி மெதுவாக வந்து, மெதுவாகவே போய்விட்டது. மரியதாஸ் கடைசிப் பெட்டியில் நின்று கையை விரித்துக் காட்டிக்கொண்டே போனார். பிறகுதான் ஒருவன் வந்து சுவரில் அறிவிப்பு ஒட்டினான். ஆள் ஏறாத ஸ்டேஷன் என்று மூடிவிட்டார்கள்.

ஆள் ஏறாத ஸ்டேஷன். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ரயில்வே பெரிய ஆபீசுக்குப் போனேன். நாள் முழுக்கக் காத்துக் கிடந்து ஒரு கிளார்க்கைப் பார்த்தோம்.

அவர் சொன்னார், “ஆள் அனுப்பி எண்ணிப் பாத்தாச்சு பெரியவரே. ஒரு தலை ஏறல. அது போதாதுன்னு உங்க ஊர்க்காரர் ஒருத்தரையே கேட்டிருக்காங்க. அவரே சொல்லிட்டார், இங்க யாரும் ஏறுறதில்லைன்னு. அப்புறம் நாங்க என்ன பண்றது?”

“எவன் சொன்னான்? பேரச் சொல்லுங்க” என்று மேஜையைத் தட்டினேன். பெயரெல்லாம் தெரியாது என்றுவிட்டார்.

எண்ணிப் பார்த்தார்களாம். யார் வந்து எண்ணியது, எப்போது எண்ணியது? நான் விடிந்தால் அடைந்தால் இங்கேயே கிடக்கிறவன். எனக்குத் தெரியாமல் ஒருவன் வந்து எண்ண முடியுமா? அந்த இரண்டு வருஷத்தில் இங்கே வந்து உட்கார்ந்தவர்கள் செக்கிங்காரர்கள் இரண்டு பேர் மட்டும்தான். எண்ண வந்தவன் ஸ்டேஷனுக்கே வந்திருக்க மாட்டான். ரோட்டோடு வந்து, எவனோ ஒருவனைக் கேட்டுவிட்டு, ரோட்டோடு போயிருப்பான். அந்த எவனோ ஒருவன் யார்? அதைத்தான் கேட்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட வந்த பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் அவ்வளவு ஆத்திரம். ஊருக்கு வந்து இறங்கும்போது ஒருவர் மட்டும் என் தோளைத் தட்டி, “போனது போச்சு, விட்ருப்பா” என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் அதேதான். விட்டுவிடு, விட்டுவிடு. யாருக்குமே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. இப்படிப்பட்ட ஊர்.

நான் யோசித்தேன். ஸ்டேஷன் மூடினால் யாருக்கு லாபம்? சாத்தையாவிடம் ஒரு பீப்பாய் வண்டி இருந்தது. மாட்டைப் பூட்டிப் பரமனூர் ரோட்டில் போய்த் தண்ணீர் பிடித்து வருவான். வண்டியேற முடியாத கிழடுகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் ஊற்றுவான். ரயில் நின்றால் ஊர் முழுக்க அவன் பீப்பாயைத்தானே பார்க்க வேண்டும்? இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். இருளாயி பின்னாலேயே ஓடி வந்தாள். அவன் வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும், “வாங்க மாப்ள, உக்காருங்க. மொதல்ல தண்ணியக் குடிங்க” என்று செம்பை நீட்டினான்.

“நீதான சொன்ன?” என்றேன்.

“என்னது?”

“இங்க யாரும் ஏறுறதில்லன்னு ரயில்வேக்காரன்கிட்ட நீதான சொன்ன? ஒம் பீப்பாத் தண்ணி விக்கிறதுக்காக.”

அவன் என்னைப் பார்க்கவில்லை, தம்பி. இருளாயியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இருளாயி தலையை லேசாக ஆட்டினாள், தரையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் கேட்டதற்கு ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மரம் மாதிரி நின்றான். நீங்களே சொல்லுங்கள். சொல்லாதவனாக இருந்தால் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ண மாட்டானா? கற்பூரத்தை அணைக்க மாட்டானா? குற்றம் செய்தவன்தானே வாய் மூடி நிற்பான்?

அந்தச் செம்பைக் காலால் எத்திவிட்டேன். “இனி ஒன் வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது. என் கைத் தண்ணி ஒன் தொண்டைக்குக் கெடைக்காது. சாகும்போதுகூடக் கெடைக்காது” என்று சொன்னேன். என் மகள் அந்த வீட்டு நிலைப்படியில் கைக்குழந்தையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொன்ன சொல் சொல்தானே? ஊர் முழுக்கச் சாத்தையாவின் வண்டித் தண்ணீரைக் குடித்தது. என் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். அவன் எங்கள் வாசலில் இரண்டு குடம் இறக்கி வைத்துவிட்டுப் போனான், நான் ஆட்டுக்கு ஊற்றினேன். இருளாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டு வழியாகப் பரமனூருக்கு நடந்து போனாள். திரும்பும்போது வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டிதான் நிற்காதே என்கிறீர்களா? நிற்காது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு பழைய பாலம் இருந்தது, பலவீனமான பாலம். அதனால் இங்கே வரும்போது வண்டி ஊர்ந்துதான் போகும். நான் கீழே நிற்பேன். அவள் வாசற்படியில் நின்று குடத்தை என் கையில் கொடுப்பாள், கொடுத்துவிட்டுக் குதிப்பாள். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான். ஊரில் ஒருத்தியும் துணைக்கு வரவில்லை. அவர்களுக்குத்தான் வீட்டு வாசலில் பீப்பாய் வந்து நிற்கிறதே.

ஒரு நாள் பாலத்தைச் சரிபண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. எங்களுக்கு யார் சொல்வார்கள்? வண்டி எப்போதையும்விட வேகமாக வந்தது. அவள் வாசலில் நின்று, “கொடத்தப் புடிங்க” என்று சொன்னாள். பிடித்தேன். இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை, தம்பி. திரும்பிப் பார்த்தபோது அவள் பிளாட்பாரத்து முனையில் கிடந்தாள். அதோ, அந்தக் கைகாட்டி மரத்தடியில்.

பரமனூர் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். கொண்டுபோனது சாத்தையாவின் மாட்டு வண்டியில்தான். என்ன செய்வது, வேறு வண்டி இல்லை. அவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தான். நான் உள்ளே விடவில்லை. இருளாயிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“எங்க அண்ணன் இல்ல. தேடாதீக.”

அவ்வளவுதான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாகிற நேரத்திலும் பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். அண்ணன்மேல் அவ்வளவு பாசம். எனக்கு அப்போது அவள்மேல்கூடக் கொஞ்சம் வருத்தம் வந்தது. நான் அவளுக்காகத்தானே அவனைப் பகைத்துக்கொண்டேன்?

காரியம் முடிந்த பிறகு சாத்தையா வீட்டை விற்றுவிட்டுப் பரமனூருக்குப் போய்விட்டான். பீப்பாய் வண்டியை ஊரிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனான். சும்மா கொடுத்தான் என்கிறார்கள். குற்ற உணர்ச்சி இருக்காதா? என் மகளும் அவர்களோடு போனாள். பேரன் பிறந்ததற்குச் சொல்லி அனுப்பினார்கள். பேத்தி சடங்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் எப்படிப் போவேன்? அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் அந்த வீட்டில் எப்படி உட்காருவது?

இப்போது அவன் கிடக்கிறான். என் கைத் தண்ணீருக்காகக் கிடக்கிறானாம்.

இது எப்படி இருக்கிறது என்றால், தம்பி, அவன்தான் சொன்னான் என்றால் நான் போக மாட்டேன். இருளாயியைக் கொன்றவன் வாயில் என் கையால் எப்படி ஊற்றுவேன்? ஆனால் அவன் இல்லை என்றால்? அவன் இல்லை என்றால் ஒன்றும் செய்யாத ஒரு மனிதனை இத்தனை காலம் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? என் மகளை, பேரப் பிள்ளைகளை? அவன் மட்டும் இல்லை என்று யாராவது உறுதியாகச் சொன்னால் முழங்காலில் தவழ்ந்தாவது போவேன். காலையிலிருந்து இதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. அங்கே அவன் மூச்சு இழுக்கிறது, இங்கே எனக்கு இழுக்கிறது.

அதோ, கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் புழுதி தெரிகிறதா? ஆட்டோதான். வளைவுக்கு வந்துவிட்டது.

நேரமில்லை, தம்பி. எனக்கு அப்படியே கண் முன்னால் தெரிகிறது, அவன் சொன்ன மாதிரி. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் மனசுக்குள்ளே. எழுந்து நின்று காட்டுகிறேன் பாருங்கள். ரயில்வேக்காரர் தன்மையாகக் கேட்கிறார். அவன் இப்படி நிற்கிறான். தோளில் துண்டில்லை. கையை இப்படிப் பின்னால் கட்டிக்கொள்கிறான். கட்டிக்கொண்டு, ஒரு சிரிப்போடு, “இங்க யாரு சார் ஏறுறா? காக்கா குருவிதேன்...”

ஏன் தம்பி என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன?

இல்லை. இருங்கள். வாயைத் திறக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு வார்த்தை சொன்னாள். அண்ணன் இல்லை என்றாள். அதைத்தான் இத்தனை காலமும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன், பொய் பொய் என்று. இன்னொன்றும் சொன்னாளே. தேடாதீக என்றாளே. அண்ணன் இல்லை என்றால் வேறொருவனைத் தேடு என்றுதானே சொல்ல வேண்டும்?

ஹாரன் அடிக்கிறான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அவனை. உங்கள் தோளைக் கொடுங்கள்.

தம்பி, உங்கள் பையில் தண்ணீர் பாட்டில் இருந்ததே. மிச்சம் இருக்கிறதா? எனக்குக் குடிக்க இல்லை. எனக்கு இறங்காது. அந்த வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லிவிட்டேன், இது வெளித் தண்ணீர். அவன் வாயில் ஊற்ற ஒரு மடக்கு இருந்தால் போதும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். பாட்டிலை மட்டும் கொடுங்கள்.